பேத்திக்காகப் பட்டரை வெட்டியபோது

கோவை கணபதியில் முப்பது வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் ஷாஃப்ட் கடைந்த கைக்கு கோல்ஃப் மட்டையின் ஷாஃப்ட், அதாவது தண்டு, ஒரு வேலையா என்று நினைத்ததுதான் தப்பு. மகள் வயிற்றுப் பேத்திக்குப் பதின்மூன்று வயது, செட்டிபாளையம் மைதானத்தில் பழகுகிறாள். தெரிந்த மில்காரர் ஒருவர் தன் பழைய 35 அங்குலப் பட்டரைக் கொடுத்தார். பட்டர் என்றால் பந்தைக் குழிக்குள் தட்டிவிடும் மட்டை. எங்கள் வீட்டில் ரொம்ப நாள் வெண்ணெய் என்றே நினைத்திருந்தார்கள். அன்றைக்கே ஹேக்ஸாவை எடுத்து நாலு அங்குலம் நறுக்கினேன். அவள் ரெண்டு தட்டு தட்டிவிட்டு, "தலை கழண்ட சுத்தியலாட்டம் இருக்குதுங்க அப்புச்சி" என்றாள். எட்டு மாதத்தில் அவள் மளமளவென்று வளர, மட்டை குட்டையாகவும் போனது.

அடுத்து வந்த 34 அங்குல மட்டையில்தான் ஒழுங்காகச் செய்தேன்.

முதலில் ரம்பத்தைத் தொடாதீர்கள். பிள்ளையை வழக்கம்போல் குனிந்து நிற்கச் சொல்லுங்கள். கை இயல்பாகத் தொங்க வேண்டும், முழங்கை லேசாக மடங்கியிருக்கலாம். மூக்குத்தண்டின் மேலிருந்து ஒரு பந்தை நழுவ விடுங்கள். அது தரையில் வைத்த பந்தின் மேலேயோ, ஒட்டி உள்பக்கமோ விழுந்தால் நிற்பது சரி. அப்போது மட்டையில் மேலே பிடிக்கும் கையின் விளிம்பு எங்கே வருகிறதோ அங்கே மாஸ்கிங் டேப்பை ஒரு சுற்று சுற்றி, ரெண்டு வாரம் அப்படியே ஆட விடுங்கள். எங்கள் டேப் முதல் நாள் ஓரிடம், பத்தாம் நாள் வேறிடம். கடைசியில் 31½ அங்குலத்தில் நின்றது. நான் 32½ வைத்தேன். வளர்கிற பிள்ளைக்குப் பாவாடையில் மடிப்பு வைத்துத் தைப்போமே, அந்தக் கணக்குதான். ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

அப்புறம் கிரிப், அதாவது கைப்பிடி ரப்பர் உறை. கொக்கி பிளேடால் உடம்புக்கு வெளிப்பக்கமாகக் கீறி உரித்துவிடலாம். பழைய டேப் பசையைத் தின்னர் தொட்டுத் துடையுங்கள். வெட்டுவது எப்போதும் கைப்பிடி முனையில்தான், தலைப்பக்கம் கூடவே கூடாது. எனக்கு வெட்ட வேண்டியது 1½ அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர்.

பட்டறைக்காரர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். இது கம்பி இல்லை, மெல்லிய குழாய். வைஸில் வெறுமனே வைத்து இறுக்கினால் நசுங்கிவிடும். பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, மரக்கட்டைகளுக்கு நடுவில் பிடியுங்கள். ஸ்டீல் என்றால் சின்ன பைப் கட்டர் போதும். சுற்றுக்குச் சுற்று துளித்துளியாக இறுக்கினால் அழகாக அறுத்துக்கொண்டு போகும். கிராஃபைட் என்றால் பைப் கட்டர் வேண்டாம், நார் பிளந்துவிடும். வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, பொடிப்பல் ஹேக்ஸாவால் மெதுவாக அறுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய முனையில் உள்ளும் வெளியும் அரத்தால் பிசிறெடுங்கள், இல்லையென்றால் புது கிரிப் கிழியும். படிப்படியாக மெலியும் ஷாஃப்ட் என்றால் வெட்டிய முனை கொஞ்சம் மெலிந்திருக்கலாம். வெர்னியர் வைத்து விட்டத்தைப் பார்த்து, வழக்கமான 0.580 அங்குலத்துக்குக் குறைந்தால் மாஸ்கிங் டேப் சுற்றிப் பருமனைக் கூட்டுங்கள்.

கிரிப் மாட்டும்போது ரெட்டைப்பக்க டேப்பை முனைக்கு மேலே அரை அங்குலம் நீட்டி ஒட்டி, ஓட்டைக்குள் மடித்துவிடுங்கள். கிரிப்பின் மேல் துளையை விரலால் அடைத்து, உள்ளே தின்னர் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப் மேலும் வழியவிட்டு, ஒரே மூச்சில் தள்ளுங்கள். பாதியில் நிறுத்தினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் வெல்டிங் வேண்டாம். பட்டர் கிரிப்புக்கு முன்பக்கம் தட்டையாக இருக்கும். பெருவிரல் படுக்கும் இடம் அது. அந்தத் தட்டை கோணினால் பிள்ளை பிடிக்கும்போதெல்லாம் மட்டையின் பந்தைத் தட்டும் முகமும் கோணும். நான் மட்டைத் தலையை சர்ஃபேஸ் பிளேட் என்ற சமதளப் பலகையில் வைத்து, முகத்தில் செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரைச் சாய்த்து, தட்டைப் பக்கத்தைத் திருப்பித் திருப்பி நேர் பண்ணினேன். "பம்ப்புக்குக்கூட இத்தனை பார்க்க மாட்டீங்களே" என்றான் கடைப் பையன். பிடிக்கிறதுக்குள் ஒரு நிமிடம்தான் கிடைக்கும். இரவு முழுக்கக் காயட்டும்.

சரி, அந்தத் தலை கழண்ட சுத்தியல் விஷயம். ஷாஃப்ட் குறைந்தால் தலையின் கனம் கைக்குத் தெரியாது. ஒரு அங்குலத்துக்குத் தலையில் சுமார் 12 கிராம் ஏற்றினால் பழைய உணர்வு கிட்டத்தட்ட வரும். எனக்கு 18 கிராம். முதலில் சோதிக்க, டயர் கடையில் அலாய் வீலுக்கு ஒட்டும் 5 கிராம் வில்லைகளை வாங்கித் தலையின் பின்பக்கம் ஒட்டினேன். மூன்று போதாது என்றாள், நாலுக்குத் தலையாட்டினாள். அதே எடைக்கு ஈய டேப் ஒட்டி முடித்தேன். ஒட்டினால் கையைக் கழுவுங்கள். போட்டியில் சுற்று தொடங்கிய பிறகு அதை ஒட்டவும் கூடாது, பிய்க்கவும் கூடாது.

மட்டையைத் தரையில் வைக்கும்போது நுனி தூக்கிக்கொண்டு நின்றால், கோணத்தை நீங்களே வளைத்துச் சரிபண்ணப் பார்க்காதீர்கள். காஸ்டிங் தலை, அதாவது வார்ப்புத் தலை, பொட்டென்று உடைந்துவிடலாம். அதற்கென்று கருவி வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

முதல் மட்டையும் வீண் போகவில்லை. ஷாஃப்டின் உள்விட்டத்துக்கு அலுமினியக் கம்பி கடைந்து, பாதி உள்ளே, பாதி வெளியே என்று எபாக்ஸியால் ஒட்டி, வெட்டிப்போட்ட துண்டிலிருந்து இரண்டு அங்குலத்தை அதன் மேல் செருகினேன். இப்போது அவள் தம்பி அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்த 1½ அங்குலத் துண்டும் மேஜை டிராயரில் இருக்கிறது, அவள் உயரமும் தேதியும் எழுதிய டேப்போடு.