கல்வெட்டில் பிள்ளையின் பெயர்: ஊருக்குப் போகும் கலப்புக் குடும்பங்களுக்கு

வேற்றினத் துணையுடனும் பிள்ளைகளுடனும் யாழ்ப்பாணத்துக்கு, ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் செய்யும் கிரியையான அந்தியேட்டிக்காகச் செல்பவர்கள், புறப்படும் முன்னரே ஊருக்குத் தொலைபேசி எடுத்து, கல்வெட்டை யார் எழுதுகிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும். மற்றவற்றை அங்கு போய்ச் சமாளிக்கலாம், இதை முடியாது.

முப்பத்தோராம் நாள் மதியபோசனத்துக்கு வருபவர்களிடம் கொடுக்கும் நினைவு மலரைத்தான் நாங்கள் கல்வெட்டு என்கிறோம். இறந்தவரின் படம், இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, திருமுறைப் பாடல்களான பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு ஆகியவற்றோடு மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்களும் அதில் இடம்பெறும். போரால் நேர்ந்த 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் காணி உறுதிகளையும் படங்களையும் இழந்த எங்கள் குடும்பத்துக்கு, பெரியம்மாவின் பெட்டிக்குள் இருந்த பூட்டனாரின் கல்வெட்டுத்தான் மூன்று தலைமுறையின் பெயர்களையும் மீட்டுத் தந்தது. அதில் இல்லாதவர் பின்னாளில் குடும்பத்திலேயே இல்லாதவராகிவிடுவார்.

அப்பா காலமானபோது நான் நோர்வேயில் இருந்தேன். வீடு போய்ச் சேர்வதற்குள், சாம்பல் அள்ளும் காடாத்தும் முடிந்திருந்தது. ஆண் பிள்ளை இல்லாத அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவர் பெரியப்பாவின் மகன். படுக்கையில் கிடந்த இரண்டு ஆண்டுகளும் அப்பாவைத் தூக்கி இருத்தி உணவூட்டியவரும் அந்த அண்ணன்தான். இருபத்தாறாம் நாள் அவர் கொண்டுவந்த அச்சுப்படியில் என் கணவரின் பெயர் இல்லை. மகளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அவளை ஒருநாளும் எவரும் அழைத்திராத ஒரு தமிழ்ப்பெயர் இருந்தது. "நாலு சனம் வாசிக்கிற புத்தகம், பிள்ளை. வாயில நுழையாத பேரை எப்படிப் போடுறது?" என்றார். அப்பாவின் வாயில் அந்தப் பெயர் ஞாயிறுதோறும் தொலைபேசியில் நுழைந்துகொண்டுதான் இருந்தது என்று சொல்ல நினைத்தேன். ஆனால், அருகிலிருந்து பார்க்காத மகளாகிய எனக்கு, பார்த்தவரோடு வாதாடும் உரிமை இல்லை என்று தோன்றியதால் சரி என்றேன். அச்சகம் மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டது.

கிரியைக்கு இரண்டு நாள் முன்னதாகக் கணவரும் மகளும் வந்தார்கள். கீரிமலையில் கிரியை முடிந்து வீட்டில் பந்தி நடந்துகொண்டிருக்க, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக்கூட்டப் பழகிய என் மகள் கல்வெட்டை மடியில் வைத்து, பேரப்பிள்ளைகளின் வரிசையில் விரலை ஓட்டித் தன் பெயரைத் தேடினாள். அங்கிருந்த பெயரைக் காட்டி, "அம்மா, இது யார்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஆகவே பெயர்களை நீங்களே தமிழில் எழுதி, முன்கூட்டியே அனுப்புங்கள். நோர்வேஜிய மொழியின் சில உயிரொலிகளுக்குத் தமிழில் எழுத்தில்லை. நெருங்கிய எழுத்தைத் தெரிவுசெய்ய வேண்டியவர்கள் பெற்றோர், அச்சுக்கோப்பவர் அல்லர். நோர்வேயில் குடும்பப்பெயர் இறுதியில் வருவது, நம் வழக்கில் தகப்பன் பெயர் முன்னே வருவது ஆகியவற்றையும் விளக்கிவிடுங்கள். இல்லையேல் பெயர் தலைகீழாகிவிடும். மரண அறிவித்தலுக்கும் இதுவே பொருந்தும்.

நோய் பார்க்க முன்னரே போயிருப்பவர்களுக்கு, 30 நாள் சுற்றுலா விசா முப்பத்தோராம் நாளுக்கு முன்பே முடிந்துவிடக்கூடும். நீடிப்புக்கு நேரகாலத்தோடு விண்ணப்பியுங்கள். துடக்கு (இறப்புத் தீட்டு) வீட்டில் மச்சம், அதாவது மீன், இறைச்சி, இல்லை என்பதைத் துணைக்குச் சொல்லிவையுங்கள். பந்தியில் முதியவர்கள் பிள்ளையிடம் "நீ ஆற்ற பிள்ளை?" (யாருடைய பிள்ளை) என்று கேட்பார்கள். அது விரட்டும் கேள்வியன்று, உறவுமுறை கண்டுபிடிக்கும் கேள்வி. "நான் இன்னாரின் பேர்த்தி" என்று சொல்லப் பழக்கினால் போதும். என் மகளை அதன்பின் மாமிமார் மடியிலிருந்து இறக்கவேயில்லை.

ஆண்டுத் திவசத்துக்கான நினைவஞ்சலியை இம்முறை நானே எழுதினேன். தொலைபேசியில் மகளின் பெயரையும் கணவரின் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அண்ணன் ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டு, சரிதானா என்று ஒருமுறை வாசித்துக் காட்டினார்.