பழைய ஜாகுவாரின் தோல் இருக்கையில் புதிய தோலைப் பொருத்துவது எப்படி?

ஜாகுவார் நிறுவனம் 1959 முதல் 1967 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தயாரித்த மார்க் 2 காரைப் புதுப்பிப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது, பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கையின் கதவோரப் பகுதிதான். ஏறி இறங்கும்போதெல்லாம் உடல் உரசுவதால் அந்தத் துண்டு மட்டும் வெடித்துக் கிழிந்திருக்கும். மற்ற பகுதிகள் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும் நிலையில் இருக்கும். இருக்கை முழுவதையும் மாற்றாமல், அந்த ஒரு துண்டை மட்டும் வேறுபாடு தெரியாதபடி மாற்றுவது எப்படி என்று இங்கே விளக்குகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் நிறத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். ஆனால் நிறத்தைத் தைத்து முடித்த பிறகும் திருத்த முடியும். தோலின் தடிமனையும் மேற்பரப்பு ரேகையையும் அப்படித் திருத்த முடியாது. எனவே அவற்றைப் பார்த்துத்தான் தோலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

1. தோல்தானா என்று பாருங்கள்

செலவைக் குறைப்பதற்காக 1966 செப்டம்பரில் இந்தக் காரில் தோலுக்குப் பதிலாக ஆம்ப்லா என்னும் வினைல் உறை வழக்கமாக்கப்பட்டது. தோல் வேண்டுமென்றால் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. இருக்கையின் அடியில் மடித்து ஒட்டியிருக்கும் ஓரத்தைப் பிரித்துப் பின்புறத்தைப் பாருங்கள். இழை இழையாக, மெல்லிய மயிர் போன்ற பரப்பு தெரிந்தால் அது தோல். நெய்த துணி தெரிந்தால் நம் ஊரில் ரெக்சின் என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது.

2. சுத்தம் செய்யுங்கள்

பல பத்தாண்டுகளின் அழுக்கும் எண்ணெய்ப் பசையும் தோலை உண்மையைவிடக் கருமையாகக் காட்டும். மென்மையான சோப்புக் கரைசலில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் துடைத்து, ஒரு நாள் நிழலில் உலர விடுங்கள். அக்காலத்துத் தோல்களின் மேற்பூச்சு பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் வகை என்பதால், தின்னர் பட்டால் அது கரைந்து வந்துவிடும்.

3. எந்த நிறத்துக்கு இணையாக என்று முடிவு செய்யுங்கள்

பைப்பிங்குக்கு (தையலோரத்தில் கயிறு போல ஓடும் தோல் விளிம்பு) அடியிலும் மடித்த ஓரங்களிலும், வெயில் படாமல் தொழிற்சாலை நிறம் அப்படியே இருக்கும். அதைக் கண்டதும் அதற்கு இணையான தோலையே வாங்கத் தோன்றும். முழு இருக்கையையும் மாற்றுபவருக்கு அது சரி. ஒரு துண்டை மட்டும் மாற்றுபவர், பக்கத்துத் துண்டு இன்று எப்படி வெளிறியிருக்கிறதோ அந்த நிறத்தையே இலக்காகக் கொள்ள வேண்டும்.

4. மாதிரிகளை ஒப்பிடுங்கள்

ஜாகுவாருக்குத் தோல் தந்த கொனொலி, 1878இல் லண்டனில் தொடங்கப்பட்ட நிறுவனம். அதன் தோல் ஆலை 2002இல் மூடப்பட்டது. ஆகவே அதே தோல் புதிதாகக் கிடைக்கும் என்று எண்ணாமல், நெருங்கி வருவதைத் தேட வேண்டும். விற்பவர்களிடம் உள்ளங்கை அளவு மாதிரிகளைக் கேட்டு வாங்குங்கள்.

இருண்ட அறையில் டார்ச் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் இரண்டு தோல்களின் ரேகை வேறுபாடும் உடனே தெரியும். அச்சு இயந்திரத்தில் பதித்த ரேகை ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வரும். பழைய தோலின் இயல்பான ரேகைக்குப் பக்கத்தில் அது என்றும் தனித்துத் தெரியும் என்பதால், நிறம் எவ்வளவு பொருந்தினாலும் அதை ஒதுக்கிவிடுவதே நல்லது. பிறகு, இழுபடாத ஓரத்தில் காலிப்பர் என்னும் அளவுக் கருவியை வைத்துத் தடிமனை அளந்து பாருங்கள். கார் இருக்கைத் தோல் பொதுவாக 1 முதல் 1.3 மில்லிமீட்டர் வரை இருக்கும். தடித்த தோல் தையலருகே புடைத்து நிற்கும், மெல்லியது சுருங்கும். இவை எல்லாம் பொருந்தும் மாதிரிகளுக்குள், இலக்கைவிடச் சற்று வெளிறியதை எடுங்கள். பூச்சால் கருமையாக்குவது எளிது, வெளுப்பாக்குவது கடினம்.

5. வெட்டித் தையுங்கள்

கிழிந்த துண்டு பல ஆண்டுகள் இழுபட்டு உருமாறியிருப்பதால், அதை அப்படியே வெட்டும் மாதிரியாகக் கொள்ள வேண்டாம். எதிர்ப்பக்க இருக்கையின் அதே துண்டைத் தாளில் வரைந்து, தாளைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்துங்கள். தோலின் முதுகுப் பகுதியிலிருந்து வெட்டுங்கள். வயிற்றுப் பகுதி அதிகமாக இழுபட்டு விரைவில் தொய்யும்.

தோலில் ஊசித்துளை ஒருமுறை விழுந்தால் மறையாது. ஆகவே கழிவுத் துண்டில் தைத்துப் பார்த்து, தையல் நீளம் பழையதற்கு இணையாக வந்த பிறகே உண்மையான துண்டைத் தொடுங்கள். பழைய தோலில் ஏற்கெனவே இருக்கும் துளைகளிலேயே ஊசி இறங்க வேண்டும். பக்கத்தில் புதுத் துளைகள் விழுந்தால் அந்த ஓரம் அப்படியே கிழிந்துவிடும். ஓரம் நைந்திருந்தால் பின்புறத்தில் மெல்லிய பருத்தித் துணியை ஒட்டிக்கொள்ளுங்கள்.

6. நிறத்தைத் திருத்துங்கள்

தோலுக்கென விற்கும் நீர்சார்ந்த நிறப்பூச்சை மிக மெல்லிய படலங்களாகப் பூச வேண்டும். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறம் உலர்ந்தபின் மாறிவிடும். எனவே கழிவுத் துண்டில் பூசி, முழுவதும் உலர்ந்த பின்னரே ஒப்பிடுங்கள். சிவப்புத் தோல் பளிச்சென்று இருந்தால் கறுப்பைக் கலப்பதற்குப் பதிலாக ஒரு துளி பச்சையைக் கலந்து பாருங்கள். அதன் துடிப்பு அடங்கும்.

ஒப்பிடுவதை ஒரே விளக்கின் கீழ் முடித்துவிடக் கூடாது. இரண்டு நிறப்பூச்சுகள் டியூப் லைட்டில் ஒன்றாகவும் பகல் வெளிச்சத்தில் வேறாகவும் தெரியக்கூடும். அவற்றிலுள்ள நிறமிகள் வெவ்வேறாக இருப்பதே காரணம். நண்பகல் நிழல், மாலை வெயில், கொட்டகை விளக்கு ஆகிய மூன்றிலும் பார்த்து, முரண்பாடு எழுந்தால் பகல் வெளிச்சத்துக்கே முன்னுரிமை கொடுங்கள். நிறம் ஒத்துப்போயும் துண்டு தனியாகத் தெரிந்தால், பளபளப்பு வேறுபடுகிறது என்று பொருள். மேல்பூச்சில் மங்கல் தன்மையுள்ளதையும் பளபளப்பானதையும் கலந்து அதைச் சரிசெய்யலாம்.

7. மாட்டுங்கள்

உறையை மாட்டுவதற்கு முன் உள்ளே இருக்கும் ரப்பர் நுரையை விரலால் அழுத்திப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் அதை மாற்றாமல் உறையைப் போட்டுப் பயனில்லை, புதிய துண்டு முதல் வாரத்திலேயே தொய்ந்துவிடும். உறையைச் சிறிது நேரம் வெயிலில் வைத்து இளக விட்டு, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி இழுத்து மாட்டி, பைப்பிங் கோடு நேரானதும் அடி ஓரத்தை ஒட்டுங்கள்.