குளிரில் எலுமிச்சை மணம் தங்க

நுவரெலியா, ஹற்றன் பக்கம் இருப்பவர்கள் டோல்சே அண்ட் கபானாவின் ‘லைட் ப்ளூ’ போன்ற, எலுமிச்சையும் பூவும் கலந்த சென்டை சுவெட்டரின் மேல் அடிக்காதீர்கள். குளித்துத் துடைத்த கையோடு கழுத்தடியில் மணமில்லாத கிரீமை மெல்லியதாகத் தடவி, அதன் மேல் ஒரே ஒரு தடவை அடியுங்கள். காய்ந்த பிறகு சுவெட்டரைப் போடுங்கள். இன்னொரு தடவை கம்பளிச் சால்வையின் உட்பக்கத்தில் அடித்தால் போதும்.

எலுமிச்சை மணத்தைத் தரும் எண்ணெய்ப் பொருட்கள் லேசானவை, முதலில் பறந்துபோவது அவைதான். குளிரில் வறண்டு வெடித்த தோலில் இன்னும் சீக்கிரம் மறைந்துவிடும். கிரீமின் எண்ணெய்ப்பசை அவற்றைக் கொஞ்சம் பிடித்து வைக்கிறது. பின்னால் வரும் மல்லிகை, தேவதாரு, கஸ்தூரி மணங்கள் எழும்புவதற்கு உடல் சூடு வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் காலைக் குளிரில் அந்தச் சூடு சுவெட்டருக்குள்ளேதான் இருக்கிறது. சால்வையில் அடித்ததோ உடல் சூடு படாததால் மெதுவாகவே ஆவியாகும். மாலையில் உதறிப் போர்த்தும்போதுகூட எலுமிச்சை மணம் லேசாக வரும். இத்தனை விலை கொடுத்து வாங்கிய போத்தலும் கூடுதல் நாள் வரும்.

கொழும்புக்கு இறங்கும் நாளில் இது வேண்டாம். அங்கே புழுக்கத்தில், நெரிசலான பஸ்ஸில், கழுத்தில் அடித்த ஒன்றே போதும். பட்டுச் சேலையிலும் வெளிர்நிறத் துணியிலும் கறை விழக்கூடும், அவற்றில் அடிக்கவே கூடாது. கிரீமுக்கு மணம் இருந்தாலும் பயனில்லை. இரண்டும் கலந்து எலுமிச்சை மணத்தைக் கெடுத்துவிடும்.