தோள் வலியோடு நீந்துகிறவர்கள் செய்யும் தவறுகள்

வலி வந்ததும் இரண்டு வாரம் குளத்துப் பக்கமே போகாமல் இருப்பது, வலி அடங்கியதும் நேராகப் பழைய இரண்டு கிலோமீட்டருக்கே திரும்புவது. தோள் விஷயத்தில் பெரிய தவறு இதுதான், நானும் செய்திருக்கிறேன். ஒரு கணக்குப் போடுங்கள். 25 மீட்டர் குளத்தில் ஒரு நீளத்துக்கு 18 தடவை கை வீசுகிறீர்கள் என்றால் இரண்டு கிலோமீட்டருக்கு 1,440 வீச்சு, ஒரு தோளுக்கு 720. சும்மா இருந்த இரண்டு வாரத்தில் தசைநாண் பலம் ஏறியிருக்காது, கொஞ்சம் இறங்கியிருக்கும். வலியைக் கிளப்பிய கைவீச்சும் அப்படியே இருக்கிறது. அப்புறம் வலி திரும்பாமல் என்ன செய்யும்?

அதனால் முழுசாக நிறுத்துவதைவிடக் குறைப்பதுதான் பெரும்பாலும் நல்லது. நீந்தும்போது லேசாகத் தெரிந்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிடுகிற வலி என்றால் பரவாயில்லை, காலையிலும் இருந்தால் நேற்று நீந்தியது அதிகம்.

கையைக் காப்பாற்றுகிறேன் என்று கிக் போர்டை எடுப்பவர்கள் நிறைய. கையை நீட்டிப் பலகை மேல் ஊன்றிக்கொண்டு நாலு நீளம் போனால் தோள் அவ்வளவு நேரமும் தனக்குப் பிடிக்காத நிலையிலேயே அழுந்திக்கிடக்கும். பலகையை விட்டுவிட்டு மல்லாந்து, கையை உடம்போடு வைத்துக்கொண்டு காலடியுங்கள். கையில் மாட்டிக்கொள்ளும் தட்டையான பேடில் பக்கம் போகவே வேண்டாம், அது உள்ளங்கையை அகலமாக்கி ஒவ்வொரு இழுப்பின் பாரத்தையும் தோளில் ஏற்றுகிறது.

கைவீச்சுக்கு வருவோம், ஏனென்றால் பாதி வலி இங்கேதான் பிறக்கிறது. எழுந்து நின்று, கட்டைவிரல் கீழே பார்க்கும்படி கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். ஓரிடத்தில் தோளின் முன்பக்கம் இறுக்குகிறது, இல்லையா? இப்போது கட்டைவிரலை மேலே திருப்பிக்கொண்டு தூக்குங்கள், தாராளமாகப் போகும். கட்டைவிரலை முதலில் தண்ணீரில் குத்தி நுழைகிறவர், அந்த முதல் நிலையைத்தான் தோளுக்கு 720 தடவை கொடுக்கிறார். விரல்நுனிகள் ஒன்றாக நுழையட்டும், உள்ளங்கை கீழே பார்க்கட்டும். கை தலைக்கு நேராக அல்ல, தோளுக்கு நேராக விழ வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போனால் இன்னும் மோசம். ஒரே பக்கம் மூச்சு வாங்குகிறவர்கள், மூச்சுக்குத் தலையைத் தூக்கும்போது நீட்டிய கை தண்ணீரைக் கீழே அழுத்துகிறதா என்று யாரையாவது வீடியோ எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வீச்சும் வீடியோவில் தெரிகிற வீச்சும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

கரையில் உட்கார்ந்து கையைப் பின்னால் முறுக்கி இழுத்துக்கொள்வது இன்னொரு பழக்கம். நிறைய நீந்தியவர்களின் தோள் ஏற்கெனவே தளர்வானது, அதை மேலும் தளர்த்தி ஆகப்போவது என்ன? அதற்குத் தேவை பலம். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, ரப்பர் பேண்டைப் பிடித்து முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள், 15 தடவை, மூன்று சுற்று. கூடவே தோள்பட்டை எலும்பைப் பின்னால் இழுக்கும் பயிற்சிகள். ஆறு வாரமாவது விடாமல் செய்யாமல் பலன் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு குளத்தில் இறங்குவது, எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குவதுதான்.

1974-இல் கென்னடி, ஹாக்கின்ஸ் என்ற இரண்டு எலும்பு மருத்துவர்கள் இதை 'நீச்சல்காரர் தோள்' என்று எழுதினார்கள். பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது ஒரே நோய் அல்ல, அதனால் நண்பருக்குக் குணமான வழி உங்களுக்கும் பலிக்கும் என்று நம்ப முடியாது. ஸ்கேனில் சின்னக் கிழிசல் தெரிந்ததும் பதறவும் வேண்டாம், வலியே இல்லாதவர்களுக்கும் அப்படித் தெரிவதுண்டு. ஆனால் இரவில் தூக்கத்தைக் கெடுக்கிற வலி, விரல் வரை மரத்துப்போவது, கையைத் தூக்கவே முடியாமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

திரும்பி நீந்தத் தொடங்கும்போது தூரத்தைப் பாதியாக்கி, வீச்சை எண்ணிக்கொண்டே போங்கள். 18-இல் முடிந்த நீளம் 21 ஆகிவிட்டால் களைப்பில் முழங்கை தொங்க ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சரி, இன்றைக்குப் போதும் என்று ஏறிவிடுங்கள், பாக்கி எத்தனை நீளம் இருந்தாலும்.