மெட்டல் இசைக்கு ட்யூப் ஆம்ப் பார்க்கிறீர்களா? கெயின் குமிழைக் கடைசியில் தொடுங்கள்

ஹை-கெயின் கிட்டார் ஆம்ப் (சிக்னலை மிக அதிகமாகப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) முன்னால் உட்கார்ந்ததும் எல்லோருடைய கையும் முதலில் போகிற இடம் கெயின் குமிழ், அதாவது அந்தப் பெருக்கத்தைக் கூட்டும் குமிழ். என் கையும் அங்கேதான் போனது. முதல் மேடையில் கெயின் 10, பேஸ் 10, மிட் பூஜ்யம் என்று வைத்து வாசித்தேன். அறையில் தனியாக வாசித்தபோது இடி மாதிரி இருந்த ஒலி, டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் எங்கே போனதென்றே தெரியவில்லை. இறங்கி வந்ததும் நண்பன் சொன்னான்: "நீ வாசிச்சது உன் கையைப் பார்த்துதான் தெரிஞ்சுது."

அதற்கப்புறம் பதினைந்து வருடமாக ரிதம் கிட்டார்தான் வாசிக்கிறேன். இடையில் ஆம்ப்களைத் திறந்து பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டேன். இந்த வகை ஆம்பில் கெயினுக்குப் பஞ்சமே வராது. பார்க்க வேண்டியது இறுக்கம். கீழ்க்கம்பியை (தடித்த கம்பி) பாம் மியூட் செய்து, அதாவது உள்ளங்கை ஓரத்தை அதன்மேல் லேசாக வைத்து அடித்தால் ஒலி டக்கென்று வந்து டக்கென்று நிற்கிறதா, இல்லை டொம்ம்ம் என்று இழுத்துக்கொண்டு போய் அடுத்த அடியின் மேல் ஏறுகிறதா? எந்த வசதியைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியோடு பாருங்கள்.

ஏன் இழுக்கிறது என்று தெரிய வேண்டுமானால் உள்ளே என்ன நடக்கிறதென்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ப்ரீஆம்பில் (சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) வரிசையாக நிற்கும் சின்ன ட்யூப்கள் பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 வகை. பழைய வால்வு ரேடியோவில் மினுங்கியவற்றின் உறவுக்காரர்கள்தான். ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளும் இரண்டு ட்ரையோடுகள், அதாவது இரண்டு தனித்தனி கெயின் ஸ்டேஜ்கள். முதலாவது பெருக்கித் தருவதை இரண்டாவதற்குள் தள்ளினால், அது தாங்க முடியாமல் அலையின் மேல் நுனியையும் கீழ் நுனியையும் வெட்டிவிடும். மூன்றாவது இன்னும் வெட்டும். நமக்குப் பிடித்த டிஸ்டார்ஷன் இதுதான். 1970-களின் தொடக்கத்தில் மெசா பூகியின் ராண்டல் ஸ்மித் ஸ்டேஜ்களை இப்படி அடுக்கிக் காட்டினார். 1987-இல் சோல்டானோவின் எஸ்எல்ஓ-100 வந்தது. 1992-இல் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனோடு சேர்ந்து பீவி நிறுவனம் 5150 ஆம்பை வெளியிட்டது. அவர் பிரிந்து போனபின் அதே ஆம்ப் 6505 என்ற பெயரில் தொடர்ந்தது. மெசாவின் டூயல் ரெக்டிஃபையரும் 90-களின் தொடக்கத்து ஆள்தான். இன்று கிடைக்கும் ஹை-கெயின் ஆம்ப்களில் பெரும்பாலானவை இவற்றில் ஏதாவதொன்றுக்குப் பேரனாகவோ பேத்தியாகவோ இருக்கும்.

கனமான நாதத்தில்தான் சக்தி அதிகம். சாதாரண ட்யூனிங்கில் கீழ் ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ், அதை டி-க்கு இறக்கினால் (டிராப் டி) 73, ஏழு கம்பி கிட்டாரின் பி 62. இந்த அடிநாதம் முழுசாக முதல் ஸ்டேஜுக்குள் நுழைந்தால் அதுவே முதலில் வெட்டுப்படும். வெட்டுப்படும்போது மேலே இருக்கிற நுணுக்கங்களையும் அமுக்கிக் குழப்பிவிடும். அதனால் நல்ல வடிவமைப்பாளர்கள் ஸ்டேஜ்களுக்கு நடுவில் சின்ன மதிப்புள்ள கப்பாசிட்டர்களை வைத்துப் பேஸை முன்கூட்டியே கழித்துவிடுவார்கள். டிஸ்டார்ஷன் எல்லாம் முடிந்த பிறகு ஈக்யூவிலும் (பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள்) பவர் ஆம்பிலும் (ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிப் பகுதி) ஸ்பீக்கரிலும் அதைத் திரும்பச் சேர்ப்பார்கள். முன்னால் கழி, பின்னால் கூட்டு. மெட்டல் ஒலியின் ரகசியத்தில் முக்கால்வாசி இதுதான்.

சரி, இப்போது ஆம்ப் முன்னால் உட்காருங்கள். உங்கள் கிட்டாரையே கொண்டு போங்கள். வேறு யாருடைய பிக்கப்பிலோ கேட்டு முடிவெடுத்தால் வீட்டுக்கு வந்து ஏமாறுவீர்கள். பேஸ், மிட், ட்ரெபிள் எல்லாம் நடுவில். கெயின் பூஜ்யத்தில். சத்தத்தை டிரம்மர் ஒருவரோடு வாசிக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். கீழ்க்கம்பியில் பாம் மியூட் அடித்துக்கொண்டே கெயினை மெதுவாகக் கூட்டுங்கள். ஓர் இடத்தில் அடி கெட்டியாகும். அதையும் தாண்டினால் கெட்டித்தன்மை கூடாது, வால்தான் நீளும். அந்த இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் வாருங்கள். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் இருந்தால் பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் நடுவில் நிற்பேன். பதினாறாம் நோட்டுகளில் வேகமான ரிஃப் ஒன்றை வாசித்து, அடிகளை ஒவ்வொன்றாக எண்ண முடிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ஒரு மைனர் கார்டு. ரூட்டும் ஃபிஃப்த்தும் மட்டும் உள்ள பவர் கார்டு எந்த ஓட்டை ஆம்பிலும் நன்றாகத்தான் கேட்கும். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. மைனர் தேர்டைச் சேர்த்தால் உண்மை வெளிவரும். மூன்று சுரமும் தனித்தனியாகக் கேட்டால் நல்லது. கொதிக்கும் குழம்பு மாதிரி இருந்தால் கெயினைக் குறையுங்கள், அப்போதும் தெளியவில்லை என்றால் அடுத்த ஆம்பைப் பாருங்கள். கடைசியாகக் கிட்டாரின் வால்யூமை பாதியாகக் குறையுங்கள். ஒலி தெளிந்து வந்தால் அந்த ஆம்ப் உங்கள் கை சொல்வதைக் கேட்கிறது என்று அர்த்தம்.

ஈக்யூ எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். 5150, ரெக்டிஃபையர் வகையில் டோன் குமிழ்கள் கெயின் ஸ்டேஜ்களுக்குப் பிறகு வரும். அங்கே பேஸைக் கூட்டினாலும் இறுக்கம் அவ்வளவு கெடாது. மெசாவின் மார்க் வரிசையில் அவை பெரும்பகுதி கெயினுக்கு முன்னால் இருக்கும். அதில் பேஸை 5-இல் வைத்தால் சேறுதான். 2-க்குக் கீழே வைத்துவிட்டு, பின்னால் வரும் ஐந்து ஸ்லைடர் கிராஃபிக் ஈக்யூவில் 80 ஹெர்ட்ஸை ஏற்றி, 750-ஐக் கொஞ்சம் இறக்குவார்கள். ஸ்லைடர்கள் ஆங்கில வி எழுத்து மாதிரி நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துவிட்டு வேறு ஆம்பில் மிட்டைப் பூஜ்யமாக்குகிறவர்கள் ஏராளம். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். மார்க்கில் முன்னாலேயே மிட் நிறைய இருப்பதால்தான் பின்னால் இறக்க முடிகிறது. குழுவோடு வாசிக்கும்போது கிட்டாருக்கு இருக்கிற ஒரே இடம் மிட். கீழே பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள்.

ப்ரெசன்ஸ், ரெசனன்ஸ் இரண்டும் பவர் ஆம்பின் நெகட்டிவ் ஃபீட்பேக்கில் (அவுட்புட்டின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும் சுற்று) வேலை செய்கிறவை. முதலாவது மேல்நாதத்தையும் இரண்டாவது கீழ்நாதத்தையும் பார்த்துக்கொள்ளும். "பின்னால் கூட்டு" என்றேனே, ரெசனன்ஸ் அதற்குத்தான். சில ஆம்ப்களில் டெப்த் என்று எழுதியிருக்கும். இரண்டையும் மேடைச் சத்தத்தில்தான் அமைக்க வேண்டும். அறையில் சன்னமாக வைத்து ரெசனன்ஸை 8-க்கு ஏற்றிவிட்டு, மேடையில் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) உறுமியதும் ஆம்பைத் திட்டுவது நியாயமில்லை.

எத்தனை வாட்? 100 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல். சத்தத்துக்காக 100 வாங்க வேண்டியதில்லை. ஆனால் மெட்டலில் டிஸ்டார்ஷன் ப்ரீஆம்பிலேயே முடிந்துவிடுவதால் பவர் ஆம்ப் திணறாமல் நிற்க வேண்டும். கீழ் ட்யூனிங்கில் அந்தக் கூடுதல் தெம்பு உதவும். சாதாரண ட்யூனிங்குக்கு 50 தாராளம். இஎல்34 ட்யூபா 6எல்6 ட்யூபா என்று மணிக்கணக்கில் சண்டை நடக்கும். முதலாவது மிட்டில் கொஞ்சம் முன்னால் வரும், இரண்டாவது கீழே அகலமாகவும் மேலே கெட்டியாகவும் இருக்கும். அவ்வளவுதான். ஸ்பீக்கரை மாற்றினால் வருகிற வித்தியாசத்தில் இது கால்வாசிகூட இல்லை என்பது என் காதின் தீர்ப்பு.

ஸ்பீக்கர் விஷயத்துக்கு வந்துவிட்டதால் என் மடத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஒத்திகையில் ஹெட்டுக்கும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) கேபினெட்டுக்கும் நடுவில் போடும் கேபிளை மறந்துவிட்டேன். இரண்டு முனையும் ஒரே மாதிரிதானே என்று கிட்டார் கேபிளைப் போட்டேன். அதனுள் ஓடும் மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்துக்குச் செய்யப்பட்டதல்ல. அரை மணியில் கேபிள் சூடாகி ஒலி விட்டுவிட்டு வந்தது, பிறகு நின்றே போனது. ஸ்பீக்கர் இணைப்பு அறுந்தபடி ட்யூப் ஆம்ப் ஓடினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறும். என் ட்ரான்ஸ்ஃபார்மர் அன்றோடு போனது. ஆகவே ஸ்பீக்கர் கேபிள் தனி. கேபினெட் மாட்டாமல் ஆம்பை வாசிக்கவே கூடாது. ஹெட்டின் பின்னால் 4, 8, 16 ஓம் என்று எழுதியிருப்பது கேபினெட்டின் ஓமோடு பொருந்த வேண்டும். இரவில் சத்தமில்லாமல் வாசிக்க லோட் பாக்ஸ் (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் பெட்டி) வாங்கினால் அதற்கும் இதே ஓம் கணக்குதான், அது தாங்கும் வாட் ஆம்பின் வாட்டைவிடக் குறையவும் கூடாது.

மெட்டலுக்குப் பின்புறம் மூடிய 4×12 (நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்) கேபினெட்டில் செலஸ்டியன் விண்டேஜ் 30 போடுவது பழகிப்போன வழக்கம். மேல்மிட்டில் முகத்தில் அறைவது மாதிரி வரும், கூட்டத்தில் தொலையாது. ஜி12டி-75 என்றால் அந்த மிட் கொஞ்சம் குழிந்து, மேலும் கீழும் தூக்கலாக இருக்கும். எதுவானாலும் குனிந்து ஸ்பீக்கருக்கு நேராகக் காதை வைத்துக் கேளுங்கள். கேபினெட் முழங்கால் உயரத்தில் இருக்கும்போது நின்றுகொண்டு ட்ரெபிளைக் கூட்டினால், முன்வரிசை ஆட்களின் காதைத்தான் அறுக்கிறீர்கள்.

எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் பெடல்களை மாட்டும் சென்ட், ரிட்டர்ன் ஜாக்குகள்) இல்லாத ஆம்பை வாங்காதீர்கள். டிலேயும் ரிவெர்பும் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் போனால், எதிரொலிகளும் சேர்ந்து நசுங்கிக் கூழாகிவிடும். லூப்பில் போட்டால் ப்ரீஆம்புக்குப் பிறகு வரும், தெளிவாக இருக்கும். பழைய ஆம்ப் பார்க்கிறீர்கள் என்றால், சென்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு சின்ன கேபிளை மாட்டிப் பாருங்கள். மாட்டியதும் ஒலி திடீரென்று உயிர்பெற்றால், ரிட்டர்ன் ஜாக்கின் தொடுமுனை அழுக்கேறியிருக்கிறது. என்னிடம் "ஆம்ப் செத்துப்போச்சு" என்று வந்தவற்றில் பல இந்த ஜாக்கைத் துடைத்ததும் பிழைத்துக்கொண்டன.

சேனல்களைப் பற்றி ஒன்றே ஒன்று: ஒவ்வொன்றுக்கும் தனி ஈக்யூ இருக்கிறதா என்று பாருங்கள். முதல் 5150-இல் இரண்டு சேனலுக்கும் பொதுவான ஈக்யூதான். தனித்தனியாக வந்தது 5150-II-இல். ஒரே ஒலியில் மொத்த நிகழ்ச்சியையும் வாசிப்பவருக்கு அது குறையே அல்ல.

கூடவே ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடலையும் கொண்டு போங்கள். டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசாக, டோன் நடுவில் வைத்து ஆம்புக்கு முன்னால் மாட்டுங்கள். அந்த பெடலின் சர்க்யூட் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே போகும். நாம் பேசிய "முன்னால் கழி" வேலைதான் அது. மாட்டியதும் ஆம்ப் ஒரேயடியாக மாறிவிட்டால், ஆம்ப் தளர்வானது, ஆனால் மருந்து இருக்கிறது. பெரிதாக மாறவில்லை என்றால் உள்ளேயே இறுக்கமாகச் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவு பெருக்கினால் இரைச்சலும் பெருகத்தான் செய்யும். உஸ் என்ற சத்தத்தை மன்னித்துவிடலாம். கிட்டார் வால்யூமை மூடியும் ம்ம்ம் என்ற ஹம் நிற்கவில்லை என்றால் ஆம்பையோ கேபிளையோ சந்தேகியுங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் பிக்கப். நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது ஒலியை அடைக்கும் பெடல்) வைப்பதானால் நேராக வரிசையில் போடாதீர்கள். கேட்டின் இன்புட்டில் கிட்டார், அதன் சென்டிலிருந்து பெடல் வழியாக ஆம்ப், ஆம்ப் லூப்பின் சென்ட் கேட்டின் ரிட்டர்னுக்கு, கேட்டின் அவுட்புட் லூப்பின் ரிட்டர்னுக்கு. பெடலுக்கான சின்ன கேபிளைச் சேர்க்காமல் நான்கு கேபிள் வேண்டும். கேட் சுத்தமான கிட்டார் சிக்னலைப் பார்த்து முடிவெடுத்து, இரைச்சல் மிகுந்த இடத்தில் கதவைச் சாத்தும். நிறுத்தங்கள் கத்தியால் வெட்டியது மாதிரி விழும்.

வாசிக்காமல் இருக்கும்போதே ஆம்ப் கீச்சிட்டால், சின்ன ட்யூப்களைப் பென்சிலின் மரப்பக்கத்தால் மெல்லத் தட்டுங்கள். எதைத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணி அடிக்கிறதோ அது மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது, அதாவது அதிர்வையே ஒலியாக மாற்றுகிறது. பெரும்பாலும் இன்புட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் ட்யூபாக இருக்கும். ஆம்பை அணைத்து ஆறவிட்டு மாற்றிவிடலாம், பயஸ் (ட்யூபின் ஓய்வு மின்னோட்ட அமைப்பு) பார்க்கத் தேவையில்லை. பவர் ட்யூப்கள் அப்படியல்ல. பொருத்திய ஜோடியாக வாங்கி, ஃபிக்ஸட் பயஸ் ஆம்பாக இருந்தால் பயஸையும் சரிபார்க்க வேண்டும். அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். உள்ளே 400, 500 வோல்ட் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மிச்சம் இருக்கலாம்.

வாசித்து முடித்தவுடன் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அணைத்துவிட்டு முதலில் கேபிள்களைச் சுருட்டுங்கள், பெடல்போர்டை மூடுங்கள், குமிழ்கள் எங்கே நின்றன என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ட்யூப்கள் ஆறியிருக்கும்.