ஆஸ்திரேலியாவில் ரைபிள் கிளப் சேரப்போகும் நம்ம பக்கத்துக்காரர்களுக்கு: மூணு குண்டை நம்பாதீங்க

லீவுக்குப் பெருந்துறை வந்த இடத்தில், மெல்பர்ன் கிளம்பும் இரண்டு மாப்பிள்ளைகள் ரைபிள் கிளப் பற்றிக் கேட்டார்கள். வாயால் சொன்னதில் பாதி விமானம் ஏறுவதற்குள் மறந்துவிடும். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். கோவை, திருப்பூர்ப் பட்டறைகளில் வளர்ந்த நம்ம ஆட்களுக்கு மைக்ரோமீட்டரைப் பார்த்தாலே கை பரபரக்கும். அங்கே போனதும் தோட்டாவைத் தாங்களே கோர்க்க ஆசைப்படுவது இவர்கள்தான், அதில் சூடுபடுவதும் இவர்கள்தான்.

லைசன்ஸ் விஷயத்தை நீட்டவில்லை. 1996-க்குப் பிறகு அங்கே சட்டம் கடுமை. தற்காப்புக்கு என்று எழுதினால் விண்ணப்பம் அதோடு சரி. கிளப்பில் சேர்ந்து குறி சுடுவது ஒப்புக்கொள்ளப்பட்ட காரணம். பாதுகாப்புப் பயிற்சி, லைசன்ஸ், அப்புறம் துப்பாக்கி வாங்க அனுமதி, வீட்டில் பூட்டு போட்ட சேஃப். விவரங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநிலப் போலீஸின் இணையதளத்தைப் பாருங்கள், வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். தோட்டத்துக் காவலுக்குத் தாத்தா வைத்திருந்த ஒற்றைக்குழலைத் தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைத்த அனுபவமெல்லாம் அங்கே செல்லாது.

தூரக் குறிப் போட்டிகள் 300 கெஜத்தில் தொடங்கி 1000 கெஜம் வரை போகும். பாதிப்பேர் கையில் .308 ரைபிளும் (0.308 இன்ச் விட்டமுள்ள குண்டைச் சுடுவது) 155 கிரெய்ன் எடையுள்ள புல்லட்டும், அதாவது பறந்து போகும் குண்டும்தான். 7000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. பவுடர், அதாவது வெடிமருந்தின் எடையும் அதே கணக்கில்தான். சுட்ட பித்தளைக் கேஸிலிருந்து (தோட்டாவின் கூடு) பழைய பிரைமரை (பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தட்டி எடுத்து, டை என்ற அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, நீளம் வெட்டி, புது பிரைமர் வைத்து, எடை போட்ட பவுடரைக் கொட்டி, புல்லட்டை உட்கார வைப்பது. வேலை இவ்வளவுதான். காசு மிச்சமாகும் என்று மட்டும் இறங்காதீர்கள். மிச்சமாகிற காசுக்கும் சேர்த்துச் சுட்டுத் தீர்ப்பீர்கள்.

பவுடர் பெயரில் ஒரு குழி இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸின் முல்வாலாவில் தயாராகும் ஏ.ஆர். 2208 என்ற பவுடர்தான் அமெரிக்காவில் வார்கெட் என்ற பெயரில் விற்கிறது. ஏ.ஆர். 2206எச்-க்கு அமெரிக்காவில் பெயர் எச் 4895. ஆனால் ஐ.எம்.ஆர். 4895 வேறு பவுடர். எண் ஒன்றுதானே என்று ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டால் ஆபத்து. பவுடர் தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையில் உங்கள் பவுடருக்கும் புல்லட்டுக்கும் கொடுத்திருக்கும் தொடக்க அளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுங்கள், அதிகபட்சத்தைத் தாண்டாதீர்கள். அதற்கு முன்பே போல்ட் (ரைபிளின் பின்பக்கத்தைப் பூட்டித் திறக்கும் தாழ்) தூக்கக் கனமானால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பக்கத்து பெஞ்ச்காரரின் கணக்கு அவர் ரைபிளுக்கு. மேஜையில் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும்.

இனி என் மச்சான் கதை. கணபதிப் பட்டறையில் கை பழகியவன், அளவெடுப்பதில் சூரன். கேஸின் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) ஓர் இன்ச்சில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு மட்டும் பின்னே தள்ளுவது, கழுத்தின் பிடிப்பு, எல்லாம் கச்சிதம். பிறகு பவுடர் அளவை ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வோர் அளவுக்கும் மூன்று தோட்டா சுட்டான். ஓர் அளவில் மூன்றும் ஒரே ஓட்டையில் விழ, அன்றிரவே போன்: "ஏனுங் மாமா, கெடச்சிருச்சுங்கோ!" அந்தக் கணக்கை நம்பிப் பெட்டி பெட்டியாக புல்லட்டும் டப்பா டப்பாவாக பவுடரும் வாங்கிக் குவித்தான். போட்டியில் சுட்டால் சிதறல். ஸ்கோப்பை மாற்றினான், புல்லட் ஆழத்தை மாற்றினான், கடைசியில் பேரலையே மாற்றினான். ஒவ்வொன்றையும் மாற்றியபின் மறுபடி மூன்று தோட்டா, மறுபடி ஓர் அழகான குரூப் (குறியில் விழுந்த ஓட்டைகளின் கூட்டம்), மறுபடி போட்டியில் அதே சிதறல்.

கிளப்பில் ஒரு வயதான ஆள் அவனை ஒரு வேலை செய்யச் சொன்னார். ஒரே பவுடர் அளவு, ஒரே புல்லட், ஒரே ஆழம். அப்படிப் பதினைந்து தோட்டா கோர்த்து, ஐந்து கவரில் மூன்று மூன்றாகப் போட்டு, மேலே ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதிச் சுடச் சொன்னார். மூன்றாவது கவர் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கியது. ஐந்தாவது அதைப்போல இரண்டு மடங்கு விரிந்தது. கவருக்குள் இருந்ததெல்லாம் ஒரே சரக்கு. மச்சானுக்கு முகமே செத்துவிட்டது.

பட்டறையில் முதல் பீஸ் ஓகே என்று லாட் முழுவதையும் அனுப்புவோமா? அதே சங்கதிதான் இது. ஒரே தோட்டாவைப் பத்துப் பத்தாகச் சுட்டால் குரூப்பின் அகலம், மூன்று மூன்றாகச் சுட்டதைவிடச் சராசரியில் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல் வரும். மூன்று குண்டின் குரூப் ஒன்று சின்னதாக வருவதும் பெரிதாக வருவதும் பெரும்பாலும் அதிர்ஷ்டம். வீடியோ போடுகிறவர்கள் சின்னதை மட்டும் காட்டுவார்கள். பெரிதாக வந்தால் "அது என் கை ஆடிவிட்டது" என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

அதனால் பத்து அளவைச் சோதிக்காமல் இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் இருபது தோட்டாவாவது, இரண்டு வேறு நாட்களில். தள்ளிப்போன குண்டையும் கணக்கில் சேருங்கள். வேகம் அளக்கும் கருவியான கிரோனோகிராஃப் வைத்து ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1000 கெஜத்தில் ஒவ்வொரு தோட்டாவின் வேகமும் மாறினால் மேலும் கீழுமாகச் சிதறும். 100 கெஜத்தில் அது கண்ணுக்கே தெரியாது. இரண்டு அளவுக்கு நடுவே வித்தியாசம் தெரியவில்லை என்றால் வித்தியாசம் இல்லை என்றே வைத்துக்கொண்டு, குறைந்த அளவை எடுங்கள். மிச்ச நேரத்தில் காற்றுக் கொடியைப் படிக்கப் பழகுங்கள். போட்டியில் புள்ளி போவது பெரும்பாலும் காற்றில்தான். கோர்த்த தோட்டாவை வெயிலில் நிற்கும் காரில் போட்டு வைக்காதீர்கள். சூடேறினால் அழுத்தமும் ஏறும்.

நோம்பிக்கு ஊர் வரும்போது ரேஞ்சுக்குத் தூக்கிப்போன பையைத் தொடவே தொடாதீர்கள். ஓரத்து ஜிப்பில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா போதும். கோவை ஏர்போர்ட்டில் ஸ்கேனர் காட்டிக்கொடுத்தால் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு, அப்புறம் வக்கீல், வாய்தா. லீவு அதிலேயே போய்விடும். பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று காலிக் கேஸைக்கூட எடுத்து வராதீர்கள். போட்டோ போதும்.