குழியைக் காட்டிக்கொடுத்த எக்ஸ்-பார் சார்ட்

மேலூர் பக்கம் போட்ட தார்ச்சாலை ஐப்பசி மழைக்கே குழி விழுந்தது. கிலோமீட்டருக்கு எத்தனை குழி என்று சி-சார்ட் (குறைகளின் எண்ணிக்கை வழக்கமான எல்லையைத் தாண்டுகிறதா என்று காட்டும் வரைபடம்) போட்டேன். எல்லாப் புள்ளியும் எல்லைக்குள். ஜல்லி சலிப்பு, தார் சதவீதம் சார்ட்டுகளிலும் ஒன்றுமில்லை. நாட்கள்தான் வீண்.

கடைசியில் தார்க் கலவைச் சூட்டுக்குப் போட்ட எக்ஸ்-பார் சார்ட்டில் (தொகுப்புகளின் சராசரியை எல்லைக்கோடுகளோடு ஒப்பிடும் வரைபடம்) பிடிபட்டது, அப்பாடா! குறிப்பேட்டு அளவுகளை வரிசையாக ஐந்தைந்தாகப் பிரித்தால் ஒரு தொகுப்பில் பல லாரி கலந்துவிடும்; வீச்சு (தொகுப்பின் அதிக, குறைந்த அளவுகளின் வித்தியாசம்) கூடும், எல்லைக்கோடு விரியும், ஆறிப்போன லாரி அதற்குள் ஒளிந்துகொள்ளும். லாரிக்கு ஒரு தொகுப்பு, 5 அளவு என்று மாற்றினேன். எல்லை: மொத்தச் சராசரி ± 0.577 × சராசரி வீச்சு (0.577 என்பது 5 அளவுத் தொகுப்புக்கான மாறா எண்). கீழ் எல்லைக்குக் கீழே போன லாரிகள் கொட்டிய இடத்தில்தான் குழிகள்.

அவை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேவர் (கலவையைச் சாலையில் பரப்பும் இயந்திரம்) முன்னால் தார்ப்பாய் இல்லாமல் நின்றவை. ஆறிய கலவை ரோலருக்கு இறுகாது. இடைவெளியில் மழைநீர் இறங்கி, ஜல்லியிலிருந்து தார் உரியும்.

இன்ஃப்ராரெட் துப்பாக்கியை நம்ப வேண்டாம், அது மேற்பரப்புச் சூட்டை மட்டுமே காட்டும். கம்பி தெர்மாமீட்டரைக் குவியலுக்குள் செருகுங்கள்; பின்கதவு ஓரத்தில் ஒரு அளவு கட்டாயம். தார்ப்பாய் கட்டாத லாரிக்கு இப்போது கலவை தயாரிக்கும் பிளான்டிலேயே லோடு கிடையாது, மதிய இடைவேளைக்கு முன் கடைசி லோடு பேவரில் இறங்கியாக வேண்டும்.